எத்தனால் கணக்கில் விட்டுப்போன தண்ணீர்

2021ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, பிரதமர் ஓர் அறிக்கையை வெளியிட்டார். நிதி ஆயோக் அமைத்த நிபுணர் குழு தயாரித்த அந்த அறிக்கை, 2020 முதல் 2025 வரை இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனாலைக் கலப்பதற்கான வழித்திட்டம் ஆகும். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலை 2025க்குள் நாடெங்கும் விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். குறிக்கோள் பெரும்பாலும் நிறைவேறியும் விட்டது. இன்று பெட்ரோல் பங்கில் உங்கள் வண்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு ஐந்து லிட்டரிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர், ஏதோ ஒரு வயலில் விளைந்து ஏதோ ஓர் ஆலையில் வடிக்கப்பட்ட சாராயமே.

எரிபொருளுக்கு எத்தனால் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் 1948லேயே இயற்றப்பட்டது. எனினும் இத்தனை வேகத்தில், இத்தனை பெரிய அளவில் இப்பணி முன்பு நடந்ததில்லை. ஆகவே இவ்வறிக்கையின் கணக்குகளைச் சற்றே நிதானமாகப் பார்ப்பது நல்லது. கணக்குகளில் பெரும் பிழைகள் உள்ளன என்று நான் சொல்ல வரவில்லை. வரவு செலவுப் பட்டியலில் ஒரு முக்கியமான செலவுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதே என் குறை.

முதலில் அறிக்கை நேர்மையாகச் சொல்லியிருப்பதைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது சுமார் 21 மெகாஜூல்தான். எத்தனால் மூலக்கூறில் ஆக்சிஜன் அணு ஒன்று முன்னமே இருக்கிறது. அதாவது, அது பாதி எரிந்த பண்டம் போன்றது. 80க்கு 20 என்று கலந்தால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல் வரும். இது தனிப் பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. பெட்ரோலுக்கென்றே வடிவமைத்துப் பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று அறிக்கையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. புதிய கலப்புக்கெனவே அமைக்கப்படும் எஞ்சின்களில் எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண்ணைப் பயன்படுத்தி இந்த இழப்பைக் குறைக்கலாம். இதிலும் தவறில்லை.

அடுத்தது பாசன நீர். ஒரு டன் கரும்பிலிருந்து 100 கிலோ சர்க்கரை அல்லது 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு 1600 முதல் 2000 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது அறிக்கை. நூறை இரண்டாயிரத்தால் பெருக்கி எழுபதால் வகுத்துப் பாருங்கள். அறிக்கை தரும் எண்ணே வரும்: ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2860 லிட்டர் தண்ணீர்! இதை மறைக்காமல் எழுதி, கரும்பை மட்டும் நம்பாமல் குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கு மாறவேண்டும் என்று குழு பரிந்துரைத்தது பாராட்டத்தக்கது.

ஆனால் எத்தனால் தயாரிப்பில் தண்ணீர் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று வயலுக்குப் பாயும் தண்ணீர். மற்றொன்று ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீர். முதலாவதைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் அறிக்கை, இரண்டாவதை முக்கியமாக அனுமதி கிடைப்பதில் ஏற்படும் தாமதம் என்ற கோணத்திலிருந்தே பார்க்கிறது. இத்தகைய ஆலைகள் மாசு மிகுந்த ‘சிவப்பு’ வகையில் அடங்குவதாலும், காற்று, நீர்ச் சட்டங்களின்படி அனுமதி பெறவேண்டியிருப்பதாலும் காலம் கடந்துவிடுகிறதாம். ஓர் ஆலை ஏன் சிவப்பு வகையில் வைக்கப்பட்டது என்று கேட்பதற்குப் பதில், அந்தச் சிவப்பு விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரம் பார்ப்பதைப் போன்றது இது. அறிக்கை வெளிவந்த பதினோராம் நாள், ஜூன் 16இல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை பிறப்பித்தது. பெட்ரோலில் கலப்பதற்கு மட்டும் எத்தனால் தயாரிக்கும், கழிவுநீரை வெளியே விடாத தானிய ஆலைகளை அது ‘பி-2’ வகையில் சேர்த்தது. அந்த வகைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம்.

இந்த இரண்டாம் தண்ணீரின் கதையைப் புரிந்துகொள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை நான் தேர்ந்தெடுக்கிறேன். அங்கே எத்தனால் ஆலை வரப்போகிறது என்று யாரும் கருதிவிட வேண்டாம். 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனாலுக்கு உரிய மூலப்பொருள்களின் பட்டியலில் மரவள்ளிக் கிழங்கையும் சேர்த்திருக்கிறது. கொல்லிமலையோ மரவள்ளி மலை! சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் பெரும்பகுதியை இன்று குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. அடிவாரத்திலும் சேலம், நாமக்கல் வட்டாரங்களிலும் உள்ள சேகோ ஆலைகள் அதை வாங்கி ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஆக்குகின்றன. ஜவ்வரிசி விலை சரிந்தால் மலையில் கிழங்கு விலையும் சரியும். ஆகவே, “எரிபொருளுக்குக் கிழங்கு வாங்கிக்கொள்கிறோம்” என்று ஒருவர் வந்து நின்றால் மலைவாழ் விவசாயி மகிழ்வது இயல்பு. கரும்பைப்போல் கொழுத்த பாசனமும் மலைக்கிழங்குக்குத் தேவையில்லை. பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. அறிக்கையின் 2860 லிட்டர்க் குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. எத்தனாலுக்கு இதைவிடச் சாதகமான உதாரணத்தை நான் எடுத்துக்கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, ஒரு டன் பச்சைக் கிழங்கில் என்ன இருக்கிறது? சுமார் 250 கிலோ ஸ்டார்ச். கிழங்கை அரைத்துக் கூழாக்கி, நொதிப்பொருள்களால் ஸ்டார்ச்சைக் குளுக்கோஸாக மாற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ ஸ்டார்ச்சிலிருந்து சுமார் 0.72 லிட்டர் எத்தனால் வரவேண்டும்; நடைமுறை இழப்புகள் போகக் கிழங்கு டன்னுக்கு 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இயற்கை ஒரு தடை போடுகிறது. தான் உண்டாக்கும் சாராயமே ஈஸ்ட்டுக்கு நஞ்சு. கூழில் எத்தனால் பத்து சதவீதத்தை ஒட்டி வரும்போது ஈஸ்ட் சோர்ந்துவிடும். ஆகவே நொதிகலனில் உள்ள நீர்மத்தில் பத்தில் ஒரு பங்குதான் சரக்கு. எஞ்சிய ஒன்பது பங்கும் தண்ணீரும் கரைந்த பொருள்களும் இறந்த ஈஸ்ட்டும்தான். எத்தனாலை வடித்தெடுத்த பின், மீதமெல்லாம் சூடாக, புளித்த வாடையுடன் கலனின் அடியில் வந்து விழுகிறது. ஆலைகளில் இதை ‘ஸ்பெண்ட் வாஷ்’ என்பார்கள். நாம் வடிகழிவு என்போம். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பொதுவாக 8 முதல் 15 லிட்டர் வரை வடிகழிவு உண்டாகும். நம் கணக்குக்குப் பத்து லிட்டர் என்று கொள்வோம். பத்து டன் கிழங்கு ஏற்றிய ஒரு லாரி ஆலைக்குள் போனால் 1,600 லிட்டர் எத்தனாலும் 16,000 லிட்டர் வடிகழிவும் வரும். நீங்கள் தெருவில் பார்க்கும் தண்ணீர் லாரி பெரும்பாலும் 12,000 லிட்டர்தான் கொள்ளும்.

வடிகழிவு விஷமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். வழக்கமான பொருளில் விஷமன்று. அது நுண்ணுயிர்களுக்கு விருந்து, ஆபத்தே அதுதான். ஆற்றில் கலந்தவுடன் பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. ஒரு லிட்டர் கழிவு இவ்வாறு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜனைக் கேட்கும் என்பதே ‘உயிரியல் ஆக்சிஜன் தேவை’ என்ற அளவு. வீட்டுச் சாக்கடை நீருக்கு அது 200, 300. ஆற்றில் விடத்தக்க கழிவுநீருக்கு நம் நாட்டு விதி அனுமதிப்பது 30. சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து வரும் வடிகழிவுக்கோ 40,000க்கும் மேல். கிழங்கு, தானிய வடிகழிவில், திடப்பொருளைப் பிரித்துவிட்டால், இது கணிசமாகக் குறையும். நாம் தாராளமாகவே 20,000 என்று குறைத்து வைத்துக்கொள்வோம். 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். இருபதாயிரத்தை எட்டால் வகுத்தால் 2,500. அதாவது ஒரு லிட்டர் வடிகழிவு 2,500 லிட்டர் ஆற்று நீரை மூச்சுத்திணற வைக்க வல்லது. ஓடும் நீர் காற்றிலிருந்து மீண்டும் ஆக்சிஜனைப் பெறும் என்பது உண்மையே. பெருக்கெடுத்த காவிரிக்கு அந்த ஆறுதல் பொருந்தும்.

கொல்லிமலை ஓடைகளுக்குப் பொருந்துமா? மலைமேல் ஓடைகள் சேர்ந்து ஐயாறாகி, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே கிழக்கே இறங்கிப் பின் காவிரியைச் சேர்கின்றன. தெற்கு, மேற்குச் சரிவுகளின் நீரும் கரைப்போட்டான் ஆறு முதலியவற்றின் வழியே காவிரிக்கே போகிறது. மழைக்காலத்தில் துள்ளும் இந்த ஓடைகள் கோடையில் நூலாக இளைத்துவிடும். கிழங்கு வெட்டி ஆலைக்குப் போகும் பருவத்தின் பெரும்பகுதி இந்த வறண்ட மாதங்களில்தான் வருகிறது. கழிவு மிகுந்திருக்கும்போது அதைக் கரைக்கும் நீர் இராது. இது ஊகமன்று, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சேகோ ஆலைக் கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் நின்று நாறியதை அந்தப் பக்கத்து வாசகர்கள் மூக்காலேயே அறிவார்கள். அங்கே திப்பியையாவது மாட்டுக்குப் போட்டுவிடலாம். நீரை என்ன செய்வது?

உலகம் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிரேசில், ஆறுகளில் வடிகழிவு பாய்ந்து மீன்கள் மாண்டதைக் கண்டு, மூன்றே ஆண்டுகளில், 1978இல், அதை ஆறுகளில் விடத் தடைவிதித்தது. பின்னர் அதிலுள்ள பொட்டாசியத்துக்காகக் கரும்பு வயல்களில் பாய்ச்சத் தொடங்கியது. அளவோடு பாய்ச்சினால் உரம். அளவு மீறினால் நிலத்தடி நீருக்குக் கேடு. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் பஞ்சாப் மாநிலம் ஃபிரோஸ்பூர் மாவட்டத்தில் ஜீராவை அடுத்த ஓர் ஊரில், குருத்வாராவுக்குப் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சாராய வாடையடிக்கும் நீர் வந்தது. பக்கத்திலிருந்த எத்தனால் ஆலையின்மீது ஐயம் கொண்ட ஊரார் அதன் வாயிலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் மாநில முதலமைச்சர் ஆலையை மூட உத்தரவிட்டார். அந்த ஆலையும் கழிவுநீரை வெளியே விடாத ஆலை என்றே கூறப்பட்டது.

‘கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம்’. இன்று ஒவ்வோர் ஆலைத் திட்டமும் இச்சொற்களைத் தாங்கியே வருகிறது. இவ்விடத்தில்தான், இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், வாசகர்களைச் சற்று நிறுத்திவைக்க விரும்புகிறேன். வடிகழிவை வெளியே விடாமல் இருப்பதென்றால் அதிலுள்ள நீரை ஆவியாக்கி, மிஞ்சும் குழம்பை உலர்த்தித் தீவனமாக்க வேண்டும், அல்லது கொதிகலனில் எரிக்க வேண்டும். தொழில்நுட்பம் இருக்கிறது, ஒழுங்காகச் செய்யும் ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் நீரை ஆவியாக்குவது இலவசமன்று. ஒரு கிலோ நீரை ஆவியாக்கும் உள்ளுறை வெப்பம் 2.26 மெகாஜூல் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். பத்து லிட்டர் வடிகழிவை ஒரே கலனில் கொதிக்கவைத்து வற்றவைக்க 22.6 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் நாம் பெறுவதோ 21 மெகாஜூல்! கிடைத்த எரிபொருளை முழுவதும் எரித்தாலும் அதன் கழிவை வற்றவைக்கப் போதாது.

பொறியியலார் இதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். முதல் கலனில் எழும் நீராவியை வீணாக்காமல், அதைக் கொண்டே அழுத்தம் குறைந்த இரண்டாம் கலனைச் சூடாக்குவார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் அல்லவா? (கொல்லிமலையின் மேட்டில், சுமார் 1200 மீட்டர் உயரத்தில், உலை 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், மலையில் பருப்பு வேகத் தாமதிப்பதற்கு இதுவே காரணம்.) இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு, மூன்றாவதன் ஆவி நான்காவதற்கு என்று ஐந்து கலன்களை அடுக்கினால், ஒரு கிலோ நீராவி சுமார் நான்கு கிலோ நீரை ஆவியாக்கிவிடும். வடிகழிவில் ஒரு பகுதியைத் திரும்பவும் கூழ் கரைக்கப் பயன்படுத்தலாம். இவ்வளவு சிக்கனங்களுக்குப் பிறகும், கொதிகலன் இழப்பையும் சேர்த்தால், லிட்டருக்கு நாலைந்து மெகாஜூல் செலவு நிற்கும். எத்தனாலின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு! வடிப்பதற்கும், கடைசி ஐந்து சதவீத நீரை அகற்றுவதற்கும், கிழங்கை ஏற்றி இறக்குவதற்கும் ஆகும் செலவு தனி.

ஆற்றுப் படுகையிலோ ஓடைக் கரையிலோ நிற்கும் ஓர் ஆலையின் முதலாளியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒருபுறம் இரவும் பகலும் விறகையோ உமியையோ நிலக்கரியையோ விழுங்கும் ஆவியாக்கி. மறுபுறம் மதிலுக்கு அப்பால் ஓர் ஓடை; அதில் மழை இரவுகளில் நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. ஆலைக்காரர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று சொல்வது அபத்தம். ஆனால் விதியை மீறினால் இவ்வளவு மிச்சமாகும் என்ற நிலையில், ஆலையைத் தண்ணீருக்குப் பக்கத்திலும், ஊராரைக் கருத்துக் கேட்புக்கு வெளியிலும் வைப்பது அறிவியல் சார்ந்த திட்டமிடலாகாது. தேசிய அறிக்கை ஒன்று இந்த வெப்பக் கணக்கை முதல் அத்தியாயத்திலேயே போட்டிருக்க வேண்டும். பெட்ரோல் இறக்குமதியில் மிச்சமாகும் டாலரைக் கணக்கிட்ட குழுவுக்கு இது கடினமான கணக்கன்று.

மலைக்கே திரும்புவோம். இன்று அமைக்கப்படும் நடுத்தர ஆலை ஒன்று நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் வடிக்கும். அதற்குக் கிழங்கு 625 டன் வேண்டும். பத்து டன் லாரியானால் தினம் அறுபத்திரண்டு நடை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில்! ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 1,87,500 டன். ஹெக்டேருக்கு 20 டன் விளைச்சல் என்று வைத்தாலும் 9,400 ஹெக்டேர் நிலம் வேண்டும். கொல்லிமலையின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 28,000 ஹெக்டேர்தான். அதில் காடும் பாறையும் ஊர்களும் அடக்கம். மலையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஓர் ஆலைக்குப் போய்விடும். சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு, அடுத்த மழையில் ஓடையோடு போகிறது. இப்போதே உள்ள தொல்லை இது. சாமைக்கும் தினைக்கும் மிஞ்சியிருக்கும் துண்டு நிலங்களின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. மேலும் பச்சைக் கிழங்கு வெட்டிய இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய ஆலை, கிழங்கு இல்லாத மாதங்களில் வெளியிலிருந்து வரும் மக்காச்சோளத்தையோ உடைந்த அரிசியையோ நாடும். அப்போது மலைவிவசாயிக்குச் சொல்லப்பட்ட நல்ல விலை எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெளிவாகவில்லை. வடிகழிவு மட்டும் அதே ஓடைப் பக்கம்தான் இருக்கும்.

காவிரிக் கரையில், மோகனூரில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அதைச் சேர்ந்த வடிசாலையும் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. ஆகவே இந்த மாவட்டத்து மாணவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எந்த ஊரில் எந்த எத்தனால் ஆலை வந்தாலும், அதன் திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தவுடன் நீங்களே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்றால் வடிகழிவு பத்து லட்சம் லிட்டர். நான்கு லட்சத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று தாராளமாக விட்டுவிடுங்கள். ஆறு லட்சம் லிட்டரை ஐந்து கலன் அடுக்கில் ஆவியாக்க 150 டன் நீராவி வேண்டும். ஒரு கிலோ உமி சுமார் மூன்று கிலோ நீராவி தரும். ஆக 50 டன் உமி, தினம் ஐந்து லாரி, கழிவை வற்றவைப்பதற்கு மட்டும். வடிகலத்தின் வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் நல்ல ஆலையில் இது இன்னும் குறையலாம். நிலக்கரி எரித்தால் லாரி எண்ணிக்கையும் குறையும். எப்படியாயினும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராது. திட்ட அறிக்கையில் ஆவியாக்கிக்கு எவ்வளவு நீராவி ஒதுக்கியிருக்கிறார்கள், கொதிகலனின் திறன் அதற்குப் போதுமா என்று பாருங்கள். ஆலை ஓடத் தொடங்கிய பின், எத்தனால் ஏற்றிப் போகும் டாங்கர்களையும் எரிபொருள் கொண்டுவரும் லாரிகளையும் ஒரு மாதம் எண்ணி நோட்டில் எழுதிவையுங்கள். டாங்கர்கள் குறையாமல் லாரிகள் மட்டும் குறைந்தால், அந்த வாரமே கீழேயுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.